எங்கள் ஒழுங்கைக்கு எது: வெசலா, ரைஸா?

அம்மாவின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஓட்டோவில் போனால் குலுக்கம். எங்களுடைய பழைய சின்னக் காரில் என்றால் குழிக்குள் இறங்குவதுபோல உட்கார வேண்டும். எழும்பும்போது இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். தினமும் பாடசாலை, மாதம் இரண்டு தடவை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை, வெள்ளிக்கிழமைகளில் நல்லூர், இடையிடையே ஊர்காவற்றுறையில் பெரியம்மா வீடு, வருடத்தில் மூன்று நான்கு தடவை கொழும்பு. இவ்வளவுதான் எங்கள் ஓட்டம். இதற்கு ஏறி உட்காரக்கூடிய உயரமும் வேண்டும், ஆனால் பெரிய ஜீப்பாகவும் இருக்கக்கூடாது என்று தேடத் தொடங்கி, கடைசியில் இரண்டில் வந்து நின்றோம்: ஹொண்டா வெசல், ரொயோட்டா ரைஸ்.

ஒன்று 2015ஆம் ஆண்டு வெசல் ஹைபிரிட், அதாவது பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது. இங்கேயே பதிந்து ஓடியது, மீற்றரில் 98,000 கிலோமீற்றர். மற்றது 2023ஆம் ஆண்டு ரைஸ், ஒரு லீற்றர் டர்போ. ஜப்பானில் ஒன்பதாயிரம் சொச்சம் ஓடி இறக்குமதியாகி, இன்னும் பதியாமல் நிற்கிறது. எட்டு வருட இடைவெளி உள்ள இரண்டு வாகனங்களை யாராவது ஒப்பிடுவார்களா என்று கனடாவில் இருக்கும் என் அண்ணை கேட்டார். இலங்கையில் ஒப்பிடத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் நின்ற வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. திறந்த பிறகும் வரி கூட என்பதால் பழையவற்றின் விலை பெரிதாக விழவில்லை. என்னிடம் கேட்ட விலையைப் பார்த்தால் பத்து வருடப் பழைய வெசலுக்கும் புதிது போல நிற்கும் ரைஸுக்கும் இடையில் வித்தியாசம் சில இலட்சம்தான். ஆகவே இது பழையதா புதியதா என்ற கேள்வி மட்டும் இல்லை. அதே காசுக்குப் பெரிய, சொகுசான, பலமான பழைய வாகனமா, சிறிய, எளிமையான புதிய வாகனமா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெசல் என்று நான் இங்கே எழுதுவதெல்லாம் 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் தலைமுறையைப் பற்றியது. 2021 ஏப்ரலில் வந்த இரண்டாம் தலைமுறை வெசலின் ஹைபிரிட் முறையே வேறு. நான் கீழே கவலைப்படப் போகும் கியர்பொக்ஸ் அதில் இல்லை. அதன் விலை எங்கள் கைக்கு எட்டாது, அதனால் அதைப் பற்றிய பேச்சும் இல்லை.

எங்கள் வீடு கோண்டாவிலில், பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் நான்காவது வளவு. ஒழுங்கையின் அகலம் எட்டு அடி. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கிடுகுவேலி இருந்த இடத்தில் இப்போது தகரவேலி. நடுவில் ஒரு முடக்கு. அந்த முடக்கில் மதிலோடு ஒட்டி ஒரு பனை. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு ஒழுங்கை இல்லாத ஊர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. விளம்பரத்தில் வாகனம் மலை ஏறுவதைக் காட்டுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது அந்த முடக்கில் பனையைத் தொடாமல் திரும்புவது.

வெசலின் நீளம் 4295 மில்லிமீற்றர், அகலம் 1770. ரைஸின் நீளம் 3995, அகலம் 1695. தாளில் பார்த்தால் சின்ன வித்தியாசம். கையால் அளந்தால் நீளத்தில் ஏறக்குறைய ஒரு அடி, அகலத்தில் மூன்று அங்குலம். வெசல் திரும்புவதற்கு வேண்டிய ஆரை 5.3 மீற்றர், ரைஸில் 16 அங்குலச் சில்லு உள்ள ரகத்துக்கு 4.9, 17 அங்குலத்துக்கு 5.0. விற்பவர்களிடம் கேட்டு இரண்டையும் வெவ்வேறு நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். பெரிய வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கட்டுகிறோம், பிறகு பத்து வருடம் ஒழுங்கைக்குள் மல்லுக்கட்டுகிறோம்.

வெசல் முடக்கில் ஒரே தடவையில் திரும்பவில்லை. ஒரு தடவை பின்னுக்கு எடுத்துத் திரும்ப வேண்டியிருந்தது. அது பெரிய காரியமில்லை. வீட்டு வாசல் படலைதான் சிக்கல். எட்டடி ஒழுங்கையிலிருந்து ஒன்பதடிப் படலைக்குள் திருப்ப, முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுத்து, பக்கக் கண்ணாடிகளையும் மடித்து, மகள் கீழே நின்று கைகாட்டித்தான் உள்ளே போனது. படலைத் தூண் ஒன்றை ஒன்றரை அடி தள்ளிக் கட்டினால் சரியாகிவிடும் என்று மேசன் வந்து அளந்துவிட்டுப் போனார். அந்தச் செலவையும் வெசலின் விலையோடு சேர்த்து எழுதிக்கொண்டேன். ரைஸ் முடக்கில் நிற்காமல் திரும்பியது. படலையில் ஒரே ஒரு தடவை பின்னுக்கு எடுத்தேன், கண்ணாடி மடிக்கவில்லை.

தரையிலிருந்து அடிப்பகுதியின் உயரம் இரண்டுக்கும் 185 மில்லிமீற்றர். கார்த்திகை மாரியில் ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது இரண்டும் போகும். ஆனால் முழங்கால் அளவு தண்ணீருக்குள் எதையும் இறக்காதீர்கள், வெசலை அறவே இறக்காதீர்கள். அதன் ஹைபிரிட் பற்றரி டிக்கித் தளத்துக்குக் கீழே இருக்கிறது.

அடுத்தது அம்மா.

வெசலின் பின்கதவுக் கைபிடி வழமையான இடத்தில் இல்லை. கதவின் மேல் மூலையில், கண்ணாடிச் சட்டத்தோடு மறைத்து வைத்திருக்கிறார்கள். பார்க்க இரண்டு கதவு வாகனம் போல அழகாக இருக்கும். அம்மா கதவைத் தடவித் தடவித் தேடினா. கையை தோளுக்கு மேல் உயர்த்தி இழுக்க வேண்டும். தோள்மூட்டு வலியுள்ளவர்களுக்கு அது லேசில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்ததும் அவவின் முகம் மாறியது. "இது நல்ல சொகுசாய் இருக்கு தம்பி, காலை நீட்டலாம்" என்றா. உண்மை. வெசலின் பின் இருக்கையில் கால் வைக்கும் இடம் அதன் அளவுக்கு மிக அதிகம். பெற்றோல் தாங்கியை முன் இருக்கைகளின் கீழ் வைத்திருப்பதால் பின்பக்கம் முழுவதும் மனிதருக்கும் சாமானுக்கும் கிடைக்கிறது. பின் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடக்கி நிமிர்த்திவிட்டால் தரையிலிருந்து கூரைவரை வெறும் இடம். வாழைக்குலையை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவரலாம், தென்னங்கன்று கொண்டுவரலாம். தோட்டம் உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி. இந்த ஒரு விடயத்தில் ரைஸ் பக்கத்தில்கூட வராது.

ரைஸில் கைபிடி எல்லோரும் தேடும் இடத்திலேயே இருக்கிறது, கதவு நன்றாக அகலத் திறக்கிறது, கூரை சதுரமாக இருப்பதால் தலை இடிக்கவில்லை. இருக்கையின் உயரம் அம்மாவின் இடுப்பு அளவுக்குச் சரியாக வந்தது. முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்தா. முழங்கால் வருத்தக்காரருக்கு ஏறும் முறை அதுதான் என்று வைத்தியசாலையில் பயிற்சி கொடுக்கும்போது சொல்லியிருந்தார்கள். இறங்கும்போது நான் கைகொடுக்கவில்லை. கதவைப் பிடித்துத் தானே எழும்பினா. உள்ளே இடம் போதும். தாராளம் என்று சொல்ல மாட்டேன். பின்னால் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உரசித்தான் இருக்க வேண்டும், அதுவும் கொழும்புவரை என்றால் நடுவில் இருப்பவர் பாவம்.   டிக்கியில் இரண்டு பெரிய பயணப்பெட்டியும் ஒரு மாம்பழப் பெட்டியும் வைத்துப் பார்த்தேன், மூடியது.

இரண்டிலும் பின் இருக்கைக்கு ஏசிக் காற்று வாய் இல்லை. சித்திரை வெயிலில் பின்னால் இருப்பவர்களுக்குக் குளிர் வரக் கொஞ்ச நேரமாகும். ரைஸ் சிறியது என்பதால் கெதியாகக் குளிர்ந்தது.

இனி வெசலின் கியர்பொக்ஸ். யாழ்ப்பாணத்தில் வெசல் என்று வாய் திறந்தால் பத்தில் எட்டுப் பேர் "ஹைபிரிட் பற்றரி போய்விடும்" என்றுதான் பயமுறுத்துகிறார்கள். நான் கேட்டறிந்தவரையில் பற்றரியை விட கவனிக்க வேண்டியது கியர்பொக்ஸைத்தான். அது என்ன என்று விளங்கிக்கொண்டால் தேவையில்லாத பயமும் போகும், தேவையான கவனமும் வரும்.

வெசல் ஹைபிரிட்டில் இருப்பது ஏழு கியர், இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரண்டு, நான்கு, ஆறுக்கு மற்றது. மின்மோட்டார் ஒற்றைக் கியர்களின் தண்டோடு பொருந்தியிருக்கிறது. பற்றரியில் மின்சாரம் இருக்கும்போது வாகனம் மோட்டாரால் மெதுவாகக் கிளம்பும், என்ஜின் பிறகு வந்து சேரும். அப்போது கிளட்சுக்கு வேலை குறைவு. பற்றரி இறங்கியிருக்கும்போது என்ஜின்தான் கிளப்ப வேண்டும். அந்த நேரத்தில் கிளட்ச் தகடு வழுக்கிக்கொண்டே பிடிக்கும். இவை எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். மனுவல் காரில் கிளட்சை அரைவாசியில் வைத்துக்கொண்டு நகர்ந்தால் என்ன ஆகும்? சூடேறும், தேயும். அதேதான் இங்கேயும். வித்தியாசம், கால் வைப்பது நாங்கள் இல்லை, கணினி.

அப்படியென்றால் இந்தக் கியர்பொக்ஸுக்குப் பிடிக்காத ஓட்டம் எது? நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் பருத்தித்துறை வீதியில் ஊர்ந்து ஊர்ந்து போவது. வெயிலில் ஏசி போட்டபடி வைத்தியசாலை வீதி நெரிசலில் நின்று நின்று நகர்வது. ஏசி பற்றரியை இழுக்க, பற்றரி இறங்க, என்ஜின் கிளட்சை வழுக்கி வழுக்கி நகர்த்த, சூடு ஏறும். மிஞ்சினால் கியர்பொக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று டாஷ்போட்டில் எச்சரிக்கை வரும். நிறுத்தி ஆறவிட்டால் பல நேரம் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் கிளட்ச் தொகுதியோ அதை இயக்கும் பகுதியோ தேய்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். 2013, 2014இல் இதே கியர்பொக்ஸ் உள்ள ஃபிட் ஹைபிரிட் காரையும் வெசல் ஹைபிரிட்டையும் ஹொண்டா ஜப்பானில் பல தடவை திரும்ப அழைத்து இந்தக் கியர்பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தியது. பின்னால் வந்தவை இன்னும் திருந்தியவை. அதனால் 2014 தொடக்கத்தில் வந்ததை விட 2015, 2016இல் செய்தது நல்லது.

நெடும்பாதையில் இதே கியர்பொக்ஸ் வேறு முகம் காட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி, கிளிநொச்சி கடந்து, முறிகண்டிப் பக்கம் போகும்போது வெசலைப் போல ஓட்டத்துக்கு இன்பமான சிறிய வாகனம் எனக்குத் தெரியாது. என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 152 குதிரைவலு. லொறியை முந்த நினைத்தால் நினைத்த மாத்திரத்தில் முந்தலாம். கியர் மாறுவதே தெரியாது. வாரம்தோறும் கொழும்பு போய் வருபவராக இருந்தால் நான் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன், வெசலை எடுத்திருப்பேன்.

பழைய வெசல் பார்க்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். விற்பவரிடம் முதல்நாளே சொல்லி, காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் போக முன்னர் ஸ்ராட் பண்ணி வைத்திருந்தால் வேறு நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். முதல் நூறு மீற்றர் மிக மெதுவாக ஓட்டுங்கள். உதறல் இருந்தால் அங்கே தெரியும். பிறகு ஏசி போட்டு முக்கால் மணித்தியாலமாவது ஓட்டி, நன்றாகச் சூடானதும் ஒரு ஒழுங்கைக்குள் விட்டு முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை எடுங்கள். பின்னுக்கு எடுக்கும்போது தயங்குகிறதா, இடிக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, வாகனக் கணினியைப் படிக்கும் ஸ்கானர் வைத்திருக்கும், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பற்றரிக் கலங்களின் நிலையையும் கியர்பொக்ஸின் பதிவுகளையும் எடுங்கள். பற்றரியில் 48 லித்தியம் கலங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். நான் பார்த்த வெசல் இதில் எல்லாம் தேறியது. சொல்லப்போனால் அது நல்ல வாகனம். வைத்திருந்தவர் பிள்ளையைப் போல வைத்திருந்தார்.

பிறகு ஏன் தயக்கம்? திருத்தவேண்டி வந்தால் எங்கே திருத்துவது என்பதுதான். யாழ்ப்பாணத்தில் இன்று நல்ல ஸ்கானரும் நல்ல மூளையும் உள்ள இளம் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிளட்ச் தொகுதி மாற்றுவது, பற்றரியைப் பிரித்துக் கலம் மாற்றுவது போன்ற வேலைகளுக்கும் பாகங்களுக்கும் கொழும்பைப் பார்க்க வேண்டி வருகிறது. பாகம் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்துவிடும். ஓடாமல் நிற்கும் வாகனம் பஸ்ஸில் போகாது; சுமார் 400 கிலோமீற்றர் கரியரில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். என்னுடைய முந்தைய காரை ஒரு சின்ன வேலைக்காக அப்படி அனுப்பி, ஏழு வாரம் காத்திருந்து, போன குறையோடேயே அது திரும்பி வந்தது. அந்த ஏழு வாரமும் அம்மா ஓட்டோவில்தான் வைத்தியசாலைக்குப் போனா. அந்த நினைவு என் முடிவில் பெரிய பங்கு எடுத்திருக்கிறது, மறைக்கவில்லை.

ரைஸுக்கு வருவோம். 2019 நவம்பரில் ஜப்பானில் வந்தது. பெயர் ரொயோட்டா, செய்தது டைஹற்சு. டைஹற்சு ரொக்கி என்பது இதன் இரட்டை. மூன்று சிலிண்டர், 996 சிசி, டர்போ, 98 குதிரைவலு. இங்கே உற்பத்தி வரி என்ஜின் கொள்ளளவைப் பார்த்துத்தான் படிப்படியாக ஏறுகிறது. ஆயிரத்துக்குள் நிற்கும் வாகனங்களுக்கு உள்ள ஆதாயம் அங்கேதான். 98 என்பது குறைவாகக் கேட்கும். ஆனால் வாகனத்தின் எடை ஏறக்குறைய ஒரு தொன்தான். வெசல் ஹைபிரிட் ஏறக்குறைய 1270 கிலோ. டர்போவின் இழுவை குறைந்த சுற்றிலேயே வந்துவிடுவதால் நகரத்துக்குள் ரைஸ் சுறுசுறுப்பாகவே ஓடுகிறது. திருநெல்வேலிச் சந்தியில் சந்தை நேரத்தில் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கும் இடையில் நுழைந்து வர இதைப் போல ஒன்று இல்லை.

குறையும் இருக்கிறது. நிற்கும்போது மூன்று சிலிண்டரின் நடுக்கம் ஸ்ரியரிங்கில் தெரியும். பழகிவிடும் என்கிறார்கள், எனக்கு முதல் நாள் பிடிக்கவில்லை. ஏ9இல் முந்துவதற்கு மிதித்தால் என்ஜின் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். வெசலில் நினைத்ததும் முந்திய இடத்தில் ரைஸில் கணக்குப் பார்த்து முந்த வேண்டும். சோழகக் காற்றுக் காலத்தில் பண்ணைப் பாலத்திலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் பக்கவாட்டில் தள்ளுவது தெரிகிறது. எடை குறைந்த உயரமான வாகனத்துக்கு அது இயல்பு. இருந்தாலும் இங்கே ஊருக்கு வெளியே சட்டப்படி 70தான். இரவில் இயக்கச்சிப் பக்கம் மாடுகள் வீதியில் படுத்திருக்கும்; அந்த இடத்தில் 152 குதிரைவலுவுக்கு என்ன வேலை? பார்க்கப் போனால் வலுவை விட வீதியில் உதவுவது ரைஸின் முன்கண்ணாடியில் உள்ள இரட்டைக் கமெராதான். வாகனத்தையும் ஆளையும் கண்டு எச்சரித்து, தேவைப்பட்டால் பிரேக் பிடிக்கும். 2018 பெப்ரவரிக்கு முந்திய வெசல்களில் இருப்பது மணிக்கு 30 கிலோமீற்றருக்குள் மட்டும் வேலை செய்யும் லேசர் முறை, அதுவும் எல்லா ரகத்திலும் இல்லை.

ரைஸின் கியர்பொக்ஸ் சிவிடி, கியர் படிகள் இல்லாமல் பட்டியால் ஓடும் வகை. கூடிய வேகத்தில் பற்சில்லும் சேர்ந்து வேலை செய்கிறது. ஊர்வதால் கெட்டுப்போகும் உலர் கிளட்ச் எதுவும் இதில் இல்லை. என்ஜின் எண்ணெய் விடயத்தில் மட்டும் பிந்தக் கூடாது. டர்போ என்பதால் 5000 கிலோமீற்றருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்ற வேண்டும். கொஞ்சம்தானே ஓடினோம் என்று வருடக்கணக்கில் விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். டர்போவுக்கு அது நஞ்சு.

எரிபொருளில் வெசல்தான் வெல்லும். எவ்வளவு வெல்லும் என்பதைப் பார்க்க வேண்டும். ஜப்பான் தாளில் வெசல் ஹைபிரிட்டின் ஆரம்ப ரகத்துக்கு லீற்றருக்கு 27 கிலோமீற்றர், 2023 ரைஸ் டர்போவுக்கு 17.4 என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிழை. வெசலின் இலக்கம் பழைய, தாராளமான பரிசோதனை முறையில் எடுத்தது. ரைஸினுடையது பிறகு வந்த, உண்மை ஓட்டத்துக்கு நெருங்கிய முறையில் எடுத்தது. ஓட்டுகிறவர்களைக் கேட்டு, கூடக் குறைய எல்லாம் தள்ளி, என் கணக்குக்கு வெசல் 16, ரைஸ் 13 என்று வைத்துக்கொண்டேன். நாங்கள் மாதம் ஓடுவது சுமார் 700 கிலோமீற்றர். வெசலுக்கு 44 லீற்றர், ரைஸுக்கு 54. மாதம் பத்து லீற்றர், வருடம் 120 லீற்றர் மிச்சம். 2022இல் பெற்றோலுக்குக் கியூவில் நின்ற ஞாபகம் இருக்கிறவர்களுக்குப் பத்து லீற்றரின் அருமை தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தடவை கிளட்ச் தொகுதி மாற்ற வந்தால் பல வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும். மாதம் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடுபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். உங்கள் ஓட்டத்தைப் போட்டு நீங்களே பாருங்கள். இரண்டுக்கும் 92 ஒக்ரேன் பெற்றோலே போதும்.

ரைஸிலும் ஹைபிரிட் இருக்கிறதே என்று தங்கச்சி கேட்டாள். இருக்கிறது, 2021 நவம்பரில் வந்தது. அதில் 1.2 லீற்றர் என்ஜின் மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டும்தான். சில்லைச் சுற்றுவது எப்போதும் மோட்டார். ஒழுங்கை ஓட்டத்துக்கு அருமையான முறை, ஜப்பான் தாளில் லீற்றருக்கு 28 கிலோமீற்றர். எனக்குச் சொல்லப்பட்ட விலை டர்போவை விட நன்றாகக் கூட. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 மேயில், ரைஸ், ரொக்கி ஹைபிரிட்டுகளின் பக்கவாட்டுத் தூண் மோதல் பரிசோதனையில் முறைகேடு நடந்ததை டைஹற்சுவே வெளிப்படுத்தி விற்பனையை நிறுத்தியது. அதே வருடம் டிசம்பரில் விசாரணை விரிந்து, உற்பத்தி முடிந்துபோன பழைய மாடல்களையும் சேர்த்து 64 மாடல்களில் முறைகேடு என்று தெரியவந்து, எல்லா வாகனங்களையும் அனுப்புவதை நிறுத்தினார்கள். பிறகு அரச பரிசோதனைகளுக்குப் பின் 2024இல் படிப்படியாக உற்பத்தி தொடங்கியது. ரைஸ் வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். விற்பவர் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் இரண்டு நாள் யோசித்தேன். திரும்பச் சோதித்து அனுமதித்த பிறகுதான் உற்பத்தி தொடர்ந்தது என்பதால் மனம் ஓரளவு ஆறியது. முழுதாக ஆறியது என்று சொல்ல மாட்டேன்.

சில சின்ன விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். ரைஸ் இசட் ரகத்தின் ரயர் 195/60, 17 அங்குலம். வேறு வாகனங்களில் காணக் கிடைக்காத அளவு, யாழ்ப்பாணத்தில் நான்கு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. ஜி ரகத்துக்கு 195/65, 16 அங்குலம். அது பரவாயில்லை, திரும்பும் ஆரையும் குறைவு. வெசலின் 215/60 பதினாறும் 215/55 பதினேழும் எங்கும் கிடைக்கும். ஜப்பான் வானொலி 76இலிருந்து 95 மெகாஹேட்ஸ் வரைதான் பிடிக்கும், அதனால் ஜப்பானிய செற் உள்ள எந்த வாகனத்துக்கும் மாற்றியமைக்க வேண்டும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. வெயிலில் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி படியும், ரேடியேற்றருக்குள் அந்தத் தண்ணீரை ஊற்றவே கூடாது. தீவுப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் எதை வாங்கினாலும் உயர்த்தி வைத்து அடித்தகட்டைப் பாருங்கள், துரு பிடிக்காத பூச்சு அடியுங்கள்.

கடனுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் விசாரித்த லீசிங் இடங்களில் பத்து வருடம் நெருங்கிய வாகனத்துக்குத் தரும் தொகையும் காலமும் குறைவாகவே இருந்தன. வெசலுக்குக் கையில் காசு கூட வேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்தோம். அண்ணை தொலைபேசியில் வெசல் என்றார். அவர் வரும்போதெல்லாம் ஏ9இல் ஓட்டுவது அவர்தான், அவருடைய நியாயம் அது. மனைவி ரைஸ் என்றா. தினமும் பாடசாலைக்கு ஓட்டப்போவது அவ, படலைக்குள் திருப்பப் போவதும் அவ. மகளுக்கு வெசலின் உருவம் பிடித்திருந்தது. அம்மாவைக் கேட்டோம். "அதிலை இருக்க சொகுசு. இதிலை ஏற இறங்கச் சுகம். நான் இருக்கிறது அரை மணித்தியாலம், ஏறி இறங்கிறது எத்தினை தரம்" என்றா.

ரைஸ் என்று முடிவானது, ஆனால் முதலில் பார்த்த இசட் ரகம் இல்லை. 16 அங்குலச் சில்லோடு ஜி ரகம். கிடைக்க இன்னும் ஐந்து வாரம் தேடினேன். முதலில் வந்த ஒன்றின் ஏலத் தாளில் (ஜப்பான் ஏலத்தில் வாகனத்தின் நிலையையும் தரத்தையும் எழுதித் தரும் தாள்) இருந்த செசி இலக்கமும் வாகனத்தில் பொறித்திருந்ததும் பொருந்தவில்லை. கேட்டபோது தட்டச்சுப் பிழை என்றார்கள், திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவதில் இலக்கம் பொருந்தியது, தரம் 4.5, இடது பின்கதவில் நகத்தளவு கீறல் என்று தாளில் இருந்தது, கீறலும் அதே இடத்தில் இருந்தது. முற்பணம் கட்டிவிட்டு வரும் வழியில் வெசல்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அது ஒரு வாரத்தில் வவுனியாவுக்கு, வாரம் இரண்டு தடவை கொழும்பு போய் வரும் ஒருவருக்குப் போனதாக அறிந்தேன். சரியான கைக்குத்தான் போயிருக்கிறது. அப்புறம் மேசனுக்குத் தொலைபேசி எடுத்து, தூண் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னேன்.